41 வயதில் முதல் கர்ப்பம்: எந்தப் பரிசோதனை தேவை, எதை விடலாம்?

வைகறை:

வணக்கம். எனக்கு 41 வயது, முதல் கர்ப்பம், 9 வாரம் ஆகிறது. சிகிச்சை எதுவும் எடுக்காமல் தானாகத் தரித்தது, அதுவும் இனி இல்லை என்று நாங்கள் இருவரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு. ஸ்கேனில் இதயத்துடிப்பு பார்த்துவிட்டோம். ஆனால் டாக்டர் என் வயதைப் பார்த்ததும் ஃபைலின் மேல் 'ஹை ரிஸ்க்' என்று எழுதி, ஒரு நீளமான பரிசோதனைப் பட்டியலைக் கையில் கொடுத்து, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். எதற்கு ரிஸ்க், யாருக்கு ரிஸ்க், எனக்கா குழந்தைக்கா, ஒன்றும் புரியாமல் வெளியே வந்தேன்.

வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அக்கா, "ஊசி போட்டு பனிக்குட நீரை எடுத்துப் பார்த்துவிடு, சந்தேகமே இருக்காது" என்கிறாள். கணவர், "எப்படி இருந்தாலும் நம் குழந்தைதானே, எதற்கு டெஸ்ட்?" என்கிறார். யார் பேசும்போது கேட்கிறேனோ அவர் சொல்வது சரி என்று படுகிறது.

என் கேள்விகள். மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோமுக்கு என்டி ஸ்கேனா, என்ஐபிடி ரத்தப் பரிசோதனையா, நேராக ஊசியா? 12 வாரத்திலிருந்து ஆஸ்பிரின் என்று பட்டியலில் இருக்கிறது, ரத்தத்தை இளக்கும் மாத்திரையைக் கர்ப்பிணிக்குக் கொடுப்பார்களா? இந்த வயதில் சிசேரியன்தான் என்று முன்பே முடிவு செய்துவிடுவார்களா? நடைப்பயிற்சி, வேலை எல்லாம் வழக்கம்போலத்தான். இரண்டு வருடமாக பிபிக்கு ஒரு சின்ன மாத்திரை எடுக்கிறேன், கட்டுப்பாட்டில் இருக்கிறது, அதைத் தவிர வேறு நோய் கிடையாது.


செவ்வந்தி:

மற்ற கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன். அந்த பிபி மாத்திரையின் பெயர் என்ன? டாக்டருக்கு அது தெரியுமா?

நான் பிரசவ வார்டில் பல வருடம் வேலை செய்த செவிலியர். உங்கள் பதிவில் கடைசி வரியில் இருப்பதைத்தான் நான் முதலில் கேட்டிருப்பேன். மாத்திரையின் மருந்துப் பெயர் 'பிரில்' என்று முடிந்தால், அதாவது எனலாபிரில், ராமிபிரில் மாதிரி, அல்லது 'சார்டன்' என்று முடிந்தால், டெல்மிசார்டன், லோசார்டன் மாதிரி, அதைக் கர்ப்பத்தில் தொடரக்கூடாது. நான்காம் மாதத்துக்கு மேல் இவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், பனிக்குட நீர் குறைந்துபோகும். 9 வாரத்தில் மாற்றிக்கொண்டால் போதும், இப்போதே எதுவும் நடந்துவிட்டது என்று நினைத்து இரவெல்லாம் விழித்திருக்காதீர்கள். ஆனால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கவும் வேண்டாம், நாளைக்கே போன் செய்யுங்கள். நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது, ஏனென்றால் மருந்தே இல்லாமல் பிபி ஏறினால் அது வேறு ஆபத்து. லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று கர்ப்பிணிகளுக்கு நெடுங்காலமாகக் கொடுத்துவரும் மாத்திரைகள் இருக்கின்றன, அதில் ஒன்றுக்கு மாற்றிவிடுவார்கள்.

ஆஸ்பிரின் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ப்ரீஎக்ளாம்ப்சியா என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள், 20 வாரத்துக்கு மேல் பிபி ஏறி சிறுநீரகம், கல்லீரல், நஞ்சுக்கொடி எல்லாவற்றையும் பாதிப்பது. ஏற்கெனவே பிபி இருப்பவர்களுக்கு அது வரும் வாய்ப்பு கூடுதல். அந்த ஒரு காரணமே ஆஸ்பிரினுக்குப் போதும். பிபியே இல்லாதவர்களுக்கும்கூட 40 வயதும் முதல் கர்ப்பமும் சேர்ந்தால் கொடுக்கச் சொல்லும் வழிகாட்டுதல்கள் உண்டு. தலைவலிக்குப் போடும் அளவு இல்லை இது, நாளுக்கு 75 முதல் 150 மில்லிகிராம் வரைதான். 12 வாரத்தில் தொடங்க வேண்டும், 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன், ஏனென்றால் நஞ்சுக்கொடி வேர்பிடித்து வளர்வது அந்த நாட்களில்தான். ஆஸ்துமா, வயிற்றுப்புண், ஆஸ்பிரின் அலர்ஜி எதுவும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.


கார்த்திகைப்பூ:

வாழ்த்துகள்! நான் 42ல் பெற்றேன், அதனால் உங்கள் ஃபைலில் எழுதியது என் ஃபைலிலும் இருந்தது.

டவுன் சிண்ட்ரோம் பற்றி முதலில் எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ளுங்கள், பாதி பயம் போகும், மீதிப் பாதி சரியான அளவில் இருக்கும். 25 வயதில் ஏறக்குறைய 1250க்கு ஒன்று, 35ல் 350க்கு ஒன்று, 40ல் 100க்கு ஒன்று, 45ல் 30க்கு ஒன்று. 35ஐத் தாண்டிய மறுநாள் எதுவும் சரிந்துவிடுவதில்லை, ஆனால் 40ஐ நெருங்கும்போது வேகமாக ஏறுவது உண்மை. காரணம் நம் கருமுட்டைகள் நாம் பிறக்கும் முன்பே உருவாகி, செல் பிரிதலின் பாதியில் நின்று காத்திருப்பவை. 40 வருடம் கழித்து அந்தப் பிரிவு முடியும்போது குரோமோசோம்களைப் பிடித்து வைத்திருக்கும் புரதம் தளர்ந்திருக்கும், ஒன்று கூடவோ குறையவோ போய்விடும். இந்த வயதில் கருச்சிதைவு அதிகம் என்பதற்கும் இதுதான் பெரும்பாலும் காரணம். இதில் நீங்கள் சாப்பிட்டதோ ஓடியதோ வேலைக்குப் போனதோ எதுவும் இல்லை, யாராவது அப்படிச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இதயத்துடிப்பு பார்த்த பிறகு சிதைவதற்கான வாய்ப்பு நன்றாகவே குறைகிறது.

இப்போது எந்த டெஸ்ட். என்டி ஸ்கேன் 11 முதல் 14 வாரத்துக்குள், குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீர்ப் படலத்தை அளப்பார்கள், கூடவே ஒரு ரத்தப் பரிசோதனை. என்ஐபிடி 10 வாரத்திலிருந்து செய்யலாம், உங்கள் ரத்தத்தில் மிதக்கும் நஞ்சுக்கொடியின் டிஎன்ஏ துணுக்குகளைப் பார்ப்பது. டவுன் சிண்ட்ரோம் இருந்தால் 100ல் 99 முறை கண்டுபிடித்துவிடும். ஆனால் இது முடிவு சொல்லும் பரிசோதனை இல்லை, சல்லடைதான். பாசிட்டிவ் என்று வந்தால் ஊசி போட்டு உறுதி செய்யாமல் எந்த முடிவும் எடுக்கக்கூடாது. சில சமயம் டிஎன்ஏ போதவில்லை, ரிசல்ட் இல்லை என்றும் வரும், அதைக் கேட்டுப் பதறிப்போன பலரைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, என்ஐபிடி செய்தாயிற்று என்று 12 வார ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் தெரிவது குரோமோசோம்தான். மண்டையோடு, வயிற்றுச் சுவர், இரட்டையா இல்லையா என்பதெல்லாம் ஸ்கேனில்தான் தெரியும்.

அக்கா சொல்லும் பனிக்குட நீர் பரிசோதனை 15 வாரத்துக்கு மேல். அதனால் கர்ப்பம் கலையும் வாய்ப்பு 200ல் ஒன்றுக்கும் கீழே, அனுபவமுள்ள கை என்றால் இன்னும் குறைவு. நிச்சயம் தெரிந்தே ஆகவேண்டும் என்ற மனநிலை உள்ளவர்கள் நேராக அதற்குப் போகலாம், அதில் தவறில்லை. நான் முதலில் என்ஐபிடி செய்துவிட்டு, அது நெகட்டிவ் என்றதும் நிறுத்திக்கொண்டேன்.

உங்கள் கணவர் சொல்வதற்கு ஒரு பதில் இருக்கிறது. டெஸ்ட் எடுப்பது கலைக்கத்தான் என்று நினைக்கிறார் போல. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். முன்பே தெரிந்தால் குழந்தை இதய மருத்துவர் இருக்கும் இடத்தில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம், மனதையும் தயார் செய்துகொள்ளலாம். எப்படி இருந்தாலும் பெற்றுக்கொள்வோம் என்பவர்களுக்கும் அந்தத் தகவல் பயன்படும்.


எதிர்க்காற்று:

கொஞ்சம் மாற்றுக்கருத்து. நான் 40ல் இரண்டாவது பெற்றேன், குரோமோசோம் டெஸ்ட் எதுவும் எடுக்கவில்லை. பாசிட்டிவ் என்றால் என்ன செய்வோம் என்று இருவரும் உட்கார்ந்து பேசினோம், எதுவும் மாறாது என்று தெரிந்தது, அத்தோடு விட்டோம். இதயக் குறை இருந்தால் 18 முதல் 21 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்க எடுக்கும் அனாமலி ஸ்கேனில் பெரும்பாலும் தெரியும், அதை மட்டும் நல்ல இடத்தில், நிதானமாகப் பார்க்கும் ஆளிடம் எடுத்தேன். கணவரின் கேள்வி முட்டாள்தனமானது இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். "வேண்டாம்" என்று சொல்வதும் ஒரு முடிவு, ஆனால் அதை நீங்கள் சொல்ல வேண்டும், உங்களுக்காக வேறு யாரும் சொல்லக்கூடாது.

அந்த 'ஹை ரிஸ்க்' முத்திரை மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. எனக்கும் குத்தினார்கள். என்ன ரிஸ்க் என்று கேட்டதற்கு "வயசுதாம்மா" என்று பதில். வயது ஒரு காரணம்தான், அதற்கு மேல் பிபி, சுகர், உடல் எடை, முந்தைய பிரசவம் என்று ஒவ்வொன்றையும் ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டாமா? அடுத்த முறை ஒரே கேள்வி கேளுங்கள்: என் கர்ப்பத்தில் நீங்கள் எதைக் கண்காணிக்கப் போகிறீர்கள், எந்த வாரத்தில்? பதில் எழுத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள். எழுதிக் கொடுக்கத் தயங்குகிற இடம் என்றால் வேறு டாக்டரைப் பார்க்க இன்னும் நேரம் இருக்கிறது.


அகல்விளக்கு:

வைகறைக்கு இது பொருந்தாது, ஆனால் இந்தத் தலைப்பைத் தேடி வருபவர்களில் ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) செய்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். தானமாகப் பெற்ற கருமுட்டை என்றால் டவுன் சிண்ட்ரோம் கணக்குக்கு எடுக்க வேண்டியது முட்டை கொடுத்தவரின் வயதை, உங்கள் வயதை அல்ல. நீங்களே முன்பு உறையவைத்த முட்டை அல்லது கரு என்றால் உறையவைத்தபோது இருந்த வயது. பரிசோதனைக்கூடப் படிவத்தில் இதைக் கேட்கும் கட்டம் இருக்கும், பலர் வெட்கப்பட்டோ அவசரத்திலோ காலியாக விட்டுவிடுகிறார்கள், அப்புறம் ரிசல்ட் தேவையில்லாமல் பயமுறுத்தும். என்ஐபிடி படிவத்திலும் தானமுட்டை என்று கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

அதே சமயம் முட்டை இளமையானது என்பதால் மற்ற ஆபத்துகளும் குறைந்துவிட்டதாக நினைக்கக்கூடாது. சுமக்கும் உடம்பு நம்முடையதுதான். தானமுட்டைக் கர்ப்பத்தில் ப்ரீஎக்ளாம்ப்சியா வாய்ப்பு இன்னும் அதிகம். இரண்டு கருக்களை வைத்தால் ஒன்றாவது தங்கும் என்ற ஆசையும் புரிகிறது, ஆனால் 40க்கு மேல் இரட்டைக் கர்ப்பம் என்பது பிபி, குறைமாதம், ரத்தப்போக்கு எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துவரும். ஒரே கரு போதும் என்று டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.


வைகறை:

எல்லோருக்கும் நன்றி. செவ்வந்தி அக்கா, நீங்கள் சொன்ன மறுநாளே போன் செய்தேன். டெல்மிசார்டன்தான். அன்றே வரச்சொல்லி லேபெட்டலாலுக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டில் பிபி பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேறு டாக்டர் இவர், உட்காரவைத்துப் பேசினார். என்ஐபிடி எடுக்க முடிவு செய்தோம், கணவரும் கார்த்திகைப்பூ எழுதியதைப் படித்துவிட்டு சரி என்றார்.

ஆனால் இவர் பிரசவத்தை 39 வாரத்துக்கு மேல் தள்ளமாட்டோம் என்கிறார். மருந்து கொடுத்து வலி வரவைத்தால் அது கடைசியில் சிசேரியனில்தான் முடியும் என்று படித்தேனே, அது உண்மையா? தானாக வலி வரும்வரை காத்திருக்க எனக்கு உரிமை இல்லையா?


செவ்வந்தி:

மாத்திரையை மாற்றியது நல்லது. இனி வீட்டு அளவு 140/90ஐத் தொட்டால் அன்றே அழையுங்கள், 160/110 என்றால் அழைத்துக்கொண்டு நிற்காமல் நேராகக் கிளம்புங்கள்.

பிரசவ விஷயம். காத்திருக்க உரிமை உண்டு, யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். கடைசி வாரங்களில் நஞ்சுக்கொடியின் வேலைத்திறன் குறையத் தொடங்கும், அம்மாவின் வயது கூடினால் அது கொஞ்சம் முன்னதாகவே நடக்கிறது. குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் ஆபத்து 39, 40 வாரங்களில் 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 1000ல் ஒன்று என்றால் 40 வயதுக்கு மேல் 1000ல் இரண்டு. அதாவது 40 வயதுக்காரருக்கு 39 வாரத்தில் இருக்கும் ஆபத்து, 20களில் இருப்பவருக்கு 41 வாரத்தில் இருக்கும் ஆபத்துக்குச் சமம். இரட்டிப்பு என்று சொன்னால் நெஞ்சு பதறும், 1000ல் இரண்டு என்றால் அவ்வளவு இல்லை, இரண்டுமே ஒரே உண்மைதான். டாக்டர் எப்படிச் சொன்னார் என்பதை வைத்துப் பயப்படாதீர்கள், எண்ணைக் கேளுங்கள்.

வலி வரவைத்தால் சிசேரியன் கூடும் என்பது பல வருடமாக வார்டிலேயே சுற்றிவந்த பேச்சு. 35 வயதுக்கு மேல் முதல் குழந்தை பெறும் 619 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2016ல் வெளியிட்டார்கள். ஒரு பாதிக்கு 39 வாரத்தில் வலி வரவைத்தார்கள், மறு பாதி காத்திருந்தார்கள். சிசேரியன் முதல் குழுவில் 32 சதவீதம், இரண்டாவதில் 33 சதவீதம். வித்தியாசமே இல்லை. ஆனால் அதே எண்ணை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள், எந்தக் குழுவிலும் மூன்றில் ஒருவருக்கு சிசேரியன் ஆனது. கருப்பைத் தசை முன்புபோல் இழுத்துப் பிடித்துச் சுருங்குவதில்லை, பிரசவம் நீளும், நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருப்பதும் இந்த வயதில் அதிகம். ஆகவே சிசேரியன் வரலாம் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வயதை மட்டும் காரணம் காட்டி முன்கூட்டியே தேதி குறித்தால் மட்டும் ஏன் என்று கேளுங்கள்.

உங்களைப் பொறுத்தவரை தேதியை முடிவு செய்யப்போவது வயதைவிட பிபிதான். கட்டுப்பாட்டில் இருந்து குழந்தையின் வளர்ச்சியும் சரியாக இருந்தால் 37 வாரத்துக்கு முன் கை வைக்க மாட்டார்கள். 28 வாரத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறையாவது வளர்ச்சி ஸ்கேன் கேளுங்கள். சுகர் பரிசோதனை வழக்கமாக 24 முதல் 28 வாரம், ஆனால் உங்கள் வயதில் முதல் விசிட்டிலேயே ஒருமுறை ரத்தத்தில் பார்த்துவிடுவது நல்லது, அப்போது சரியாக இருந்தாலும் 24 வாரத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும்.

குழந்தையின் அசைவு. கடைசி மாதத்தில் இடம் பற்றாமல் அசைவு குறையும் என்று யாராவது சொல்வார்கள், நிச்சயம் சொல்வார்கள். நம்பாதீர்கள். அசைவின் தன்மை மாறலாம், குறையக்கூடாது. வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் நாளை பார்க்கலாம் என்று படுக்காதீர்கள், நடு இரவானாலும் போய் இதயத்துடிப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் அது நல்ல செய்தி, அதற்காக எந்தச் செவிலியரும் உங்களைத் திட்டமாட்டார், திட்டினால் அவர் வேறு வேலை பார்க்கலாம்.

கால் விஷயமும் சொல்லிவிடுகிறேன். 35க்கு மேல் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு காலும் வீங்குவது சகஜம், ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலித்தால் சகஜம் இல்லை. மூச்சுத்திணறலும் சேர்ந்தால் அவசர சிகிச்சைதான்.


தூரத்துமணி:

தோழிகள் பேசும் இடத்தில் ஒரு கணவனும் எழுதலாம் என்று நினைக்கிறேன். என் மனைவிக்குப் பிரசவம் 40ல். கர்ப்பம் முழுக்க பிபி சரி, பிரசவம் சரி, வீட்டுக்கு வந்து நான்காம் நாள் தலைவலி. தூக்கமில்லை, பால் கொடுக்கிறாள், தலை வலிக்கத்தானே செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் சொன்னதும் பிபி பார்த்தோம், உடனே மருத்துவமனைக்கு ஓடினோம். பிரசவத்துக்குப் பிறகு வரும் ப்ரீஎக்ளாம்ப்சியா என்றார்கள், வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் ஏற்றினார்கள், சரியாகிவிட்டது. பிறந்த பிறகும் ஆறு வாரம் வரை அது வரலாமாம், முதல் வாரத்தில் பிபி ஏறுவது அதிகமாம். டிஸ்சார்ஜ் செய்யும்போது இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

குழந்தை வெளியே வந்ததும் எல்லோருடைய கண்ணும் தொட்டில் பக்கம் திரும்பிவிடுகிறது. வைகறை, உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள். அந்த பிபி கருவியை உள்ளே எடுத்து வைக்க வேண்டாம். தாங்கமுடியாத தலைவலி, பார்வை மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, திடீரென்று முகம் வீங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளம்ப வேண்டும், காரணம் சொல்லித் தட்டிக்கழிக்கக்கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் வெறுமையும் நீடித்தாலும் அதுவும் டாக்டரிடம் சொல்ல வேண்டியதுதான்.


வைகறை:

அவரும் படித்துவிட்டார், நன்றி அண்ணா. ஒரே ஒரு சின்னக் கேள்வி. ஆஸ்பிரினை எந்த நேரத்தில் எடுப்பது, எப்போது நிறுத்துவது?


செவ்வந்தி:

இரவில், படுக்கப் போகும் முன். வெறும் வயிற்றில் வேண்டாம். நிறுத்துவது பெரும்பாலான இடங்களில் 36 வாரம், சிலர் பிரசவம் வரை கொடுப்பார்கள், உங்கள் டாக்டர் எழுதுவதைப் பின்பற்றுங்கள். லேபெட்டலாலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நீங்களாக நிறுத்தாதீர்கள், பிரசவ வலி வந்த அன்றும் எடுக்க வேண்டியதுதான். என்ஐபிடி ரிசல்ட் வந்ததும் வந்து எழுதுங்கள்.